அலைக்கு வேலி போட்டவர்கள்

ஒரு பலகை. கடற்கரை மணலில் கம்பம் நட்டு, கம்பத்தின் உச்சியில் அறையப்பட்ட பலகை. ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சூலு என்று மூன்று மொழிகளில் அதில் ஒரே செய்தி எழுதியிருந்தது. டர்பன் நகரக் கடற்கரை விதிகளின் 37-ஆம் பிரிவின்படி, இந்தக் குளிக்கும் துறை வெள்ளை இனத்தாருக்கு மட்டுமே உரியது என்பதுதான் அந்தச் செய்தி.

ஏதோ பழங்காலத்துக் கதை என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே. 1989-ஆம் ஆண்டில்கூட அந்தப் பலகை நின்றது. மனிதன் நிலவில் கால் வைத்து இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும், கறுப்புத் தோல் கொண்டவன் கடலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு நின்றது. சூலு மொழியில் எழுதியது யார் படிக்க? வெள்ளையர் படிக்கவா? இல்லை. அந்த மண்ணின் சொந்தக்காரன் படித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்பதற்காக, அவனுடைய தாய்மொழியிலேயே எழுதிவைத்தார்கள்.

அந்தக் கரையிலேதான் உலகப் பட்டத்துக்கான அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. பலகை ஒருபுறம், பந்தயம் மறுபுறம். வெற்றி பெற்றவனுக்குப் பணமுடிப்பு. பக்கத்துத் தெருவில் பிறந்த கறுப்புச் சிறுவனுக்கு விரட்டு. இதற்குப் பெயர் உலகப் போட்டியா? நாம் கேட்கவில்லை. அந்தப் போட்டியில் இருமுறை உலகப் பட்டம் பெற்ற வீரர் ஒருவரே கேட்டார். அவர் கேட்ட கதையை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அலைச்சறுக்கு என்பது என்ன? கரையை நோக்கி எழும்பி வரும் அலையின் முதுகில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் எழுந்து நின்று, அலை உடையும் முன் அதன் சரிவில் வழுக்கிச் செல்வது. நின்று சறுக்குவோர் உண்டு. பலகையிலேயே உட்கார்ந்து துடுப்பால் வலித்துச் சறுக்குவோரும் உண்டு. அவர்களுக்கென்றும் தனியே உலகப் போட்டி நடக்கிறது. கட்டுமரத்தில் அலை தாண்டும் மீனவரைக் கண்ட கண்களுக்கு இதன் அருமை விளங்கும். அலை இரண்டு ஒன்றுபோல் வராது. வந்த அலையை நொடியில் கணித்து ஏற வேண்டும். தவறினால் கடல் புரட்டிப்போடும். இன்றைய முறையில் ஐந்து நடுவர்கள் கரையில் அமர்ந்து, ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எடுக்கிறார்கள். எந்த நடுவரும் தமக்கு வேண்டியவருக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நடுவரின் ஓரவஞ்சனைக்கு விதி கண்டவர்கள், நாட்டின் ஓரவஞ்சனைக்கு நெடுங்காலம் விதி காணவில்லை!

இந்த விளையாட்டு யாருடையது? வெள்ளையர் கண்டுபிடித்ததா? அல்ல. பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த மாநிற மக்களின் விளையாட்டு அது. அதை உலகின் கண்ணில் பட வைத்தவர் டியூக் கஹானமோகு என்ற ஹவாய்க்காரர். 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். ஆஸ்திரேலியாவின் சிட்னிக் கரையில் அவர் ஒரு பலகையைத் தாமே செதுக்கி அலைமீது நின்று காட்டியபோது கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. 1914 - 15-ஆம் ஆண்டுக் கோடையில் நடந்தது அது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1964-இல், அதே சிட்னியின் மேன்லி கடற்கரையில் முதல் உலகப் பட்டப் போட்டி நடந்தது. ஆடவரில் மிட்ஜெட் ஃபாரெல்லியும் பெண்டிரில் ஃபிலிஸ் ஓடானலும் வாகை சூடினர். மறு ஆண்டு பெரு நாட்டில் போட்டி. பெரு நாட்டு வீரர் ஃபெலிப்பே போமார் வென்றார். 1976 முதல் நாடு நாடாகச் சென்று ஆடி, ஆண்டு முழுதும் சேர்த்த புள்ளிகளைக் கூட்டிப் பட்டம் தரும் முறை வந்தது. புள்ளி சேர்க்க வேண்டிய ஊர்களில் ஒன்றாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனும் அந்தச் சுற்றில் இருந்தது.

மாநிற மக்கள் உலகுக்குத் தந்த விளையாட்டு, மாநிற மக்கள் நுழையக் கூடாத கரையில்! வேடிக்கை அல்லவா? வேடிக்கை அல்ல, வேதனை. அந்த வேதனையை நேரிலே அனுபவித்தவர் எடி ஐக்காவ்.

எடி ஐக்காவ் ஹவாய் மண்ணின் மைந்தர். வைமியா குடாவில் கடலோர உயிர்காப்பாளர். மலைபோல் எழும் அலையில் சிக்கியவர்களைத் தன் பலகையோடு பாய்ந்து கரைசேர்ப்பது அவர் தொழில். சம்பளத்துக்குச் செய்த தொழில்தான். ஆனால் உயிரைப் பணயம் வைத்துச் செய்த தொழில். 1972-இல் டர்பன் போட்டிக்கு அழைக்கப்பட்டுச் சென்றார். உடன் சென்ற வெள்ளை வீரர்களுக்கு ஓட்டலில் அறை கிடைத்தது. எடிக்கு அறை இல்லை. காரணம்? பணம் இல்லையா? பண்பு இல்லையா? தோலின் நிறம் ஒத்துவரவில்லை! எத்தனையோ வெள்ளையரைக் கடலிலிருந்து தூக்கிக் கரையில் போட்ட கைகள் அவை. தூக்கும்போது அந்தக் கைகளின் நிறத்தை யாரும் கேட்கவில்லை. படுக்க இடம் கேட்டபோதுதான் நிறம் தெரிந்தது.

நியாயமாக மற்றொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டல் கதவடைத்தபோது, டர்பனில் ஒரு வெள்ளைக் குடும்பம் தன் வீட்டுக் கதவைத் திறந்து எடியை வைத்துப் பேணியது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பிற்காலத்தில், 1977-இல், உலகப் பட்டம் வென்ற ஷான் டாம்சன். தென்னாப்பிரிக்க வெள்ளையரில் நல்லவரே இல்லையென்று நாம் சொல்லவில்லை. இருந்தார்கள். ஆனால் தோழர்களே, ஒரு வீட்டின் நல்ல மனம் ஓர் இரவுக்குப் படுக்கை தரும். கடற்கரைப் பலகையைக் கழற்றாது. சட்டத்தால் வந்த தீமை, சட்டத்தை உடைத்தால்தான் போகும்.

எடியின் முடிவையும் கேளுங்கள். 1978-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஹவாய் மக்கள் தம் முன்னோர் முறைப்படி கட்டிய ஹோக்குலேயா என்ற பாய்மரக் கலம் கடலில் கவிழ்ந்தது. உடன் இருந்தோரைக் காப்பாற்ற உதவி தேடி, எடி தன் பலகையில் ஏறிக் கரையை நோக்கித் துழாவிச் சென்றார். மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள். அவர் திரும்பவே இல்லை. டர்பன் ஓட்டல் அறை தர மறுத்த மனிதர் இவர்தான்.

தென்னாப்பிரிக்கச் சட்டம் என்ன சொன்னது? 1953-ஆம் ஆண்டு 'தனித்தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம்' என்று ஒன்றை இயற்றினார்கள். பூங்கா, பேருந்து, நூலகம், கழிப்பிடம், கடற்கரை அனைத்தையும் நிறம் பார்த்துப் பிரிக்கலாம் என்றது அது. அத்தோடு நின்றதா? ஒதுக்கப்படும் வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் அந்தச் சட்டமே வாய்விட்டுச் சொன்னது! பிரித்தாலும் சமமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று பொய்யாவது சொல்வார்கள் மற்ற நாட்டு ஆதிக்கக்காரர்கள். இவர்களுக்கு அந்தப் பொய்கூடத் தேவைப்படவில்லை. 1952-லேயே சுறா வலை கட்டிப் பாதுகாக்கப்பட்ட நகரம் டர்பன். அந்த நகரின் நடுவே அமைந்த நல்ல கரை வெள்ளையருக்கு. தள்ளி, பிரித்து, எல்லைக்கோடு போட்டுத் தந்தவை மற்றவர்களுக்கு.

அந்த 'மற்றவர்கள்' யார்? மண்ணின் மக்களாகிய சூலுக்கள் முதலாவது. அடுத்து? நம்மவர்கள்!

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறையைத் தொட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கூலி ஆட்கள் வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி ஏற்றிச் சென்ற மக்கள் அதில் இருந்தார்கள். பின்னும் கப்பல் கப்பலாகச் சென்றார்கள். காடு திருத்தினார்கள், கரும்பு வெட்டினார்கள், சுரங்கத்தில் இறங்கினார்கள், இருப்புப்பாதை போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் டர்பன் கரையில் கரைவலை இழுத்து மீன்பிடித்து ஊருக்கு உணவளித்தார்கள். முனுசாமிகளும் கோவிந்தசாமிகளும் மூக்கம்மாக்களும் வியர்வை சிந்தி வளர்த்த நகரம் அது. அந்த நகரின் நல்ல கரையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலை நனைத்தால் குற்றம்! நடக்கக் கூடாத தெருக்களைப் பற்றி நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவர்கள் நாம். குளிக்கக் கூடாத கடலை அந்தப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டார்கள்.

விளையாட்டிலும் அதே கதைதான். டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளியினர் சூசங்கர் செகோலம். 'பப்வா' என்று அழைத்தார்கள். வெள்ளையர் ஆடும் கோல்ஃப் மைதானத்தில் மட்டைப் பை சுமந்த கூலி அவர். பள்ளிக்கூடம் கண்டதில்லை. மட்டையைப் பிடிப்பதிலும் இரு கைகளையும் மாற்றிப் பிடிப்பார். அந்தப் பிடியை வைத்தே 1959-இலும் 1960-இலும் டச்சு நாட்டுப் பட்டத்தை வென்றுவந்தார். 1963-இல் தன் சொந்த நேட்டால் மாநிலப் பட்டத்தை வென்றார். பரிசளிப்பு மண்டபத்துக்குள்ளே வெள்ளையர் குந்தியிருக்க, வென்றவர் வெளியே நின்று கொட்டும் மழையில் கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலக ஏடுகளில் வந்தது, உலகம் வெட்கப்பட்டது. ஆட்சியாளர் என்ன செய்தார்கள்? வெட்கப்படவில்லை. சில ஆண்டுகளில் அவரை நாட்டுப் போட்டிகளிலேயே ஆடவிடாமல் தடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட நாட்டோடு ஆடலாமா, கூடாதா? இந்தக் கேள்வி உலக விளையாட்டு அரங்கில் எழுந்தது. ஒலிம்பிக் குழு 1964-இல் தென்னாப்பிரிக்காவை அழைக்காமல் விட்டது; 1970-இல் வெளியே தள்ளியது. 1974-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டியில் இந்திய அணி இறுதிச் சுற்றை எட்டியது. எதிரில் நின்றது தென்னாப்பிரிக்கா. சென்னைச் சகோதரர்கள் ஆனந்த் அமிர்தராஜும் விஜய் அமிர்தராஜும் ஆடிய அணி அது; வெல்லும் வலிமை பெற்ற அணி. ஆயினும் நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. போகட்டும்! வெள்ளிக் கோப்பையைவிடப் பெரியது ஒன்று உண்டென்று உலகுக்குக் காட்டியது அந்த விலகல்.

ஆனால் அலைச்சறுக்குச் சங்கம்? 'எங்களுக்கு அரசியல் வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டு ஆண்டுதோறும் டர்பனுக்கு வீரர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த வேளையிலேதான் டாம் கரோல் வாய் திறந்தார்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இளைஞர் அவர். 1983, 1984 என்று இரண்டு பருவங்கள் தொடர்ந்து உலகப் பட்டம் வென்றவர். முன்பு தென்னாப்பிரிக்கா சென்று ஆடியவர். அங்கே கரையில் கண்டதை மறக்காதவர். 1985-ஆம் ஆண்டில், புகழின் உச்சியில் நின்றபோது, இனித் தென்னாப்பிரிக்கப் போட்டிகளில் ஆட மாட்டேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டு, கறுப்பர் குடியிருப்புகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்ட ஆண்டு.

இது என்ன பெரிய தியாகம் என்று கேட்பவர் இருக்கலாம். கணக்குப் பாருங்கள். ஆண்டுப் பட்டம் என்பது ஊர் ஊராகச் சேர்த்த புள்ளிகளின் கூட்டல். தென்னாப்பிரிக்காவை விட்டால் அங்குள்ள புள்ளிகள் அத்தனையும் போயிற்று. போட்டியாளர்கள் அங்கே சென்று புள்ளி அள்ளும்போது, அவர் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டும். அத்துடன் பரிசுப் பணமும் போயிற்று. வேலைநிறுத்தத்தில் நின்ற தொழிலாளிக்குத் தெரியும் அந்த வலி. உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கும். வாயிலில் நிற்பவன் கூலி வெட்டப்படும். அதன்பின் கரோலுக்கு மூன்றாவது பட்டம் கிட்டவே இல்லை. அதற்கு இது ஒன்றே காரணம் என்று நாம் கூற மாட்டோம். ஆனால் இழப்பு வரும் என்று தெரிந்தே அவர் செய்தார் என்று கூறுவோம்.

அவர் தனியாக நிற்கவில்லை. அமெரிக்கர் டாம் கரெனும், மார்ட்டின் பாட்டரும் அவர் பக்கம் வந்தனர். இருவரும் பின்னர் உலகப் பட்டம் வென்றவர்கள். பாட்டர் வளர்ந்ததே டர்பனில்! தான் அலை ஏறப் பழகிய கரைக்கே 'வர மாட்டேன்' என்று சொல்வது எளிதா?

எதிர்ப்புக் குரல் கிளம்பாமல் இருக்குமா? கிளம்பியது. 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதே' என்றார்கள். நாம் கேட்கிறோம்: கலந்தது யார்? கடற்கரையில் பலகை நட்டவன் அரசியல்வாதி இல்லையா? 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அரசியல் இல்லையா? ஒருவனை நிறம் பார்த்துத் தண்ணீரிலிருந்து விரட்டுவது விளையாட்டு. அதை ஏன் என்று கேட்பது அரசியலா? நன்றாயிருக்கிறது நியாயம்!

'ஒரு வீரன் போகாவிட்டால் ஆட்சி கவிழ்ந்துவிடுமா?' என்றும் கேட்டார்கள். கவிழாது. ஒரு செங்கல்லை உருவினால் கோட்டை விழாது. ஆனால் ஒவ்வொருவனும் 'என் செங்கல்லால் என்ன ஆகும்' என்று சும்மா இருந்தால் எந்தக் கோட்டையும் எந்நாளும் விழாது. தென்னாப்பிரிக்க மண்ணிலேயே, நிறம் பாராத விளையாட்டுக்காகப் பாடுபட்ட கறுப்பின, இந்திய, கலப்பினத் தோழர்கள் ஒரு முழக்கம் வைத்திருந்தார்கள்: முறைகெட்ட சமுதாயத்தில் முறையான விளையாட்டு இருக்க முடியாது. வெளிநாட்டு வீரர்களே, இங்கே வராதீர்கள் என்று அவர்களே கேட்டார்கள். துன்பப்படுபவனே 'வராதே' என்று கேட்கும்போது, 'அவன் நன்மைக்காகத்தான் போகிறேன்' என்று சொல்வது யாரை ஏமாற்ற?

கோட்டை எப்படி விழுந்தது? வீரர்கள் விலகியதால் மட்டும் அல்ல. அதை முதலில் சொல்ல வேண்டும். சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால், பள்ளிப் பிள்ளைகளின் குருதியால், சிறைக் கம்பிக்குப் பின்னால் கழிந்த ஆண்டுகளால் விழுந்தது. கடற்கரைப் பலகையைக் கழற்றியவர்களும் அந்த மக்களே. 1989 ஆகஸ்டு மாதம், கேப் டவுனை அடுத்த வெள்ளையர் கடற்கரைகளுக்கு அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்றார்கள். பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவும் உடன் சென்றார். கையில் ஆயுதம் இல்லை. குளிக்கப் போன மக்கள். போலீசு நாய்களோடும் சவுக்குகளோடும் எதிர்கொண்டது. உலகம் பார்த்தது. மூன்றே மாதத்தில், 1989 நவம்பர் 16-ஆம் நாள், கடற்கரைகள் அனைத்தும் எல்லோருக்கும் திறக்கப்படும் என்று அதிபர் டி கிளார்க் அறிவித்தார். மறு ஆண்டு, 1990-இல், அந்த 1953-ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கப்பட்டது.

நவம்பர் 16! நம்மவர் கப்பல் டர்பன் துறையைத் தொட்ட அதே நாள். சரியாக 129 ஆண்டுகள். அந்தக் கரையில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள், அந்தக் கரையில் உரிமையோடு கால் நனைக்க அத்தனை ஆண்டுகள் ஆயின.

பிறகு என்ன நடந்தது? கரையைத் திறந்தால் கடல் வற்றிவிடவில்லை. 2018-இல் மைக்கேல் ஃபெப்ரவரி என்ற கேப் டவுன் இளைஞர், உலகப் பட்டச் சுற்றில் இடம்பெற்ற முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர் ஆனார். வெள்ளையர் கரையை விட்டுத் தொலைதூரம் சென்று அலை தேட வேண்டியிருந்த தலைமுறை அவர் தந்தையுடையது. தந்தைக்கு மூடிய கடல் மகனுக்குத் திறந்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்றது. 2021-இல் நடந்த அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் பிரேசில் நாட்டின் இட்டாலோ ஃபெரெய்ரா. மீன் விற்கும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. பலகை வாங்கப் பணமில்லாத சிறுவயதில், தந்தை மீன் வைத்து விற்ற பெட்டியின் மூடியை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கி அலை ஏறப் பழகியவர். மீன்பெட்டி மூடியிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வரை! கரை திறந்திருந்தது, அவர் இறங்கினார். டர்பனில் அதே வயதில் ஒரு கறுப்புச் சிறுவன் அதே மூடியோடு 1985-இல் இறங்கியிருந்தால்? பலகை அவனைத் தடுத்திருக்கும். எத்தனை இட்டாலோக்கள் அந்தப் பலகையின் முன் திரும்பிப் போனார்களோ, யார் கணக்கு வைத்தார்கள்?

இன்று அந்தப் பலகை இல்லை. ஆனால் வேறு வேலிகள் இருக்கின்றன. நல்ல சறுக்குப் பலகையின் விலை ஒரு வேலி. நாடு நாடாகச் சென்று புள்ளி சேர்க்க ஆகும் விமானச் செலவு ஒரு வேலி. அவற்றில் எழுத்து இல்லை. ஆகவே படிக்க முடியாது. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை அவற்றில் முட்டிக்கொள்கிறான்.

தோழர்களே, உலகப் பட்டம் வென்றவர்களின் பட்டியல் நீளமானது. அதில் பலருடைய பெயரை அந்த விளையாட்டுக்காரர்களே மறந்திருப்பார்கள். டாம் கரோலை அவர் ஏறிய அலைகளுக்காக மட்டும் நாம் நினைக்கவில்லை; ஏற மறுத்த அலைகளுக்காகவும் நினைக்கிறோம். நாளை நம் ஆலையிலோ, அலுவலகத்திலோ, ஊர் விளையாட்டுத் திடலிலோ 'இதில் அரசியல் பேசாதே' என்று எவரேனும் வாயை அடைக்க வந்தால், அவரிடம் கோபப்பட வேண்டாம். பலகை நட்டது யார் என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.